எந்த வருஷத்துக்காரி

ஜனவரி 11, சனி

முடிக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம். வலப்பக்கச் சுருள் நிற்கவே மாட்டேன் என்றது. பதினான்கு ஊசி குத்தினேன். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, அதே துணியில் ஸ்கர்ட், காலுறையின் பின்தையல் நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் மூன்று முறை பார்த்தேன். 1943-இல் கோத்தென்பர்க்கில் வேலைக்குப் போன ஒருத்தி வந்து பார்த்தால்கூட என்னிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது.

மஜோர்னா தொழிலாளர் மன்றத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மதியம் பழைய பாட்டு, பழைய உடுப்பு, நடனம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு காலம் உண்டு. நாற்பதுகள் என்றால் வெண்டெலா. பதினாறு வருடங்களாக நான்தான்.

இன்றைக்குக் கதவு திறந்தது, எல்லாத் தலைகளும் திரும்பின. ஒரு பெண். 1910-ஐச் சேர்ந்த ஆண்பிள்ளை வெயிஸ்ட்கோட்டு. கீழே எழுபதுகளின் பழுப்புக் கோர்டுராய் பெல்பாட்டம். தலையில் மணி கோர்த்த இருபதுகளின் குல்லாய். காலில் - டிராம் ஓட்டுகிறவர்கள் போடும் கறுப்புப் பூட்ஸ்!

சிரிப்பு வந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. அந்த நான்கும் ஒன்றோடொன்று பிறந்தவை மாதிரி அவள்மேல் இருந்தன.

கிட்டே வந்ததும் தெரிந்தது. மைக்கென். ஆரம்பப் பள்ளியில் என் வகுப்பு.

"வெண்டெலாதானே? அப்படியே இருக்கியே!" என்றாள்.

ஜனவரி 12, ஞாயிறு

அந்தக் குல்லாய் அவளுக்கு நன்றாக இல்லை.

ஜனவரி 13, திங்கள்

நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து ராகெலின் பழந்துணிக் கடைக்குப் போனேன். வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கும் என் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி. அதில் மைக்கென்.

"டிராம் ஓட்டுறாடி அவ. ஷிப்ட் முடிஞ்சா நேரா இங்கதான் வர்றா" என்றாள் ராகெல். "கூடைக்குள்ள கைய விடுவா, எதையாவது எடுப்பா. நான் தூக்கிப்போட வச்சிருந்ததா இருக்கும். போட்டுக்கிட்டு நின்னா, அடடான்னு இருக்கும். அது ஒரு கை ராசி."

"எல்லாத்தையும் குழப்புறா" என்றேன்.

"குழம்புனா அசிங்கமால்ல இருக்கணும்?"

பட்டாணி சூப்புக்கு இருக்கச் சொன்னாள், தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ராகெலின் சூப்பை வேண்டாம் என்று சொன்னது இதுவே முதல்முறை.

பிப்ரவரி 8, சனி

ஹோக்கன் என்னைவிட்டுப் பிரிந்து நான்கு வருடம். இன்னமும் மன்றத்து இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறான். அதில் எனக்கு வருத்தமில்லை, வாசிக்கட்டும். ஆனால் இடைவேளையில் மேடையைவிட்டு இறங்கி நேராக மைக்கெனிடம் போனான். இன்றைக்கு அவள் கல்யாணத்துக்குப் போடுகிற ஐம்பதுகளின் அகல ஸ்கர்ட்டுக்கு மேல் மீனவர்களின் தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"உங்களைப் பாத்தா எந்த வருஷத்துக்காரின்னே சொல்ல முடியலையே" என்றான்.

அவள் சிரித்தாள். திரும்பும்போது என்னையும் பார்த்தான். ஒப்புக்கு ஒன்று சொல்லியாக வேண்டுமே. "நீ எப்பவும்போல" என்றான்.

எப்பவும்போல! என் முதல் நாற்பதுகளின் கவுனை வாங்கி வந்தவனே இவன்தான். 'நீ இந்தக் காலத்துக்குன்னே பொறந்தவ' என்று சொன்னவனும் இவன்தான். அவன் சுழலவிட்ட இசைத்தட்டுகளுக்குப் பொருத்தமாக ஒரு பெண் வேண்டியிருந்தது, நான் பொருந்தினேன். அவன் போய்விட்டான். நான் இன்னும் அவன் சொன்ன வருடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேனா?

இதை எழுதியிருக்கக்கூடாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கதவைத் தாழ் போட்டுக்கொண்டு முயன்றேன். அறுபதுகளின் ஆரஞ்சுக் குட்டைக் கோட்டு, என் நாற்பதுகளின் ஸ்கர்ட், எண்பதுகளின் பெரிய காதணி. கண்ணாடியில் நின்றவள் தீப்பிடித்த வீட்டிலிருந்து கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவள்போல இருந்தாள். அவளுக்கு மட்டும் எப்படி வருகிறது? என்ன தெரியும் அவளுக்கு? ஊசியில் நூல் கோர்க்கத் தெரியுமா? நான் என் ஓரங்கள் எல்லாம் கையால் தைக்கிறேன். எந்தப் பொத்தான் எந்த ஆண்டு வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குத்தானே தெரியும்!

அழுதேன். ஆரஞ்சுக் கோட்டுக்காக அழுதேன் என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 4, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று கிரீம் பன் செவ்வாய், தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஊரே பன் தின்கிற நாள். ராகெல் பன் வாங்க பேக்கரிக்குப் போனாள், வரிசை தெரு முனைவரை நின்றது. "கடையைக் கொஞ்சம் பாத்துக்கடி" என்றாள். உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு கோட்டு தொங்கியது. முப்பதுகளின் வெல்வெட், ஏரித் தண்ணீரைப் போன்ற பச்சை, தரைவரை நீளம். அதன் பையில் ஒரு சீட்டு குத்தியிருந்தது: 'மைக்கென் - வியாழன் வரை.'

சீட்டை எடுத்து என் பைக்குள் போட்டேன். கோட்டைக் கொண்டுவந்து கடையின் முன்வரிசையில் மாட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ராகெல் பன்னோடு வந்தாள். "இதை நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

"அது மைக்கெனுக்குல்ல? சீட்டு குத்தி வச்சேனே."

"சீட்டு எதுவும் இல்லையே."

ராகெல் கோட்டைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இந்த மாத்திரைய ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்கு எதுவுமே நினைவுல நிக்கல. வச்சேன்னுதான் நினைச்சேன்…"

நான் பன்னைத் தின்றேன். முழுசாகத் தின்றேன்.

மார்ச் 8, சனி

கோட்டு எனக்குத் தோளில் பிடிக்கிறது. தையலைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். அப்போதும் பிடித்தது. மன்றத்துக்கு எப்பவும்போலச் சாம்பல் நிறத்திலேயே போனேன்.

மைக்கென் வந்து, "கோட்டு உனக்குக் கிடைச்சிருச்சாமே. உனக்கு நல்லாப் பொருந்துனா சரி" என்றாள். முகம் சற்று வாடியிருந்தது. அவ்வளவுதான். கோபப்பட்டிருக்கலாம். பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

மார்ச் 13, வியாழன்

ராகெல் கல்லாவின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். எதை எங்கே வைத்தாள், யாரிடம் என்ன சொன்னாள், எல்லாவற்றையும் அதில் குறிக்கிறாள். 'கதவு பூட்டினேன்' என்றுகூட எழுதியிருக்கிறாள். டாக்டரிடம் நாள் குறித்திருக்கிறாளாம், தலையை ஸ்கேன் எடுக்க.

"மைக்கென்கிட்ட மன்னிப்புக் கேட்டப்ப அழுதுட்டேன்டி" என்றாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "மாத்திரையாலதான் இருக்கும்" என்றுதான் வந்தது.

ஏப்ரல் 2, புதன்

மழை. டிராமில் ஏறினேன், ஓட்டுநர் கண்ணாடிக்குள் மைக்கென். சீருடை, ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை, இழுத்துக் கட்டிய முடி. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் சால்ட்ஹோல்மென் கடைசி நிறுத்தம்வரை போனேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. பெட்டி காலியானதும் வெளியே வந்து பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் காப்பி ஊற்றினாள்.

"மே இருபத்துநாலு எனக்குக் கல்யாணம்" என்றாள். "நாப்பத்தேழு வயசுல முதல் கல்யாணம்! தீவுக்குப் போற படகுல மெக்கானிக் அவன், இங்வே. நீ கட்டாயம் வரணும்."

கோட்டு அதற்காகத்தான். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. தெரிந்தது.

"ஸ்கூல்ல எல்லாரும் என்னை 'தானப்பெட்டி'ன்னு கூப்பிடுவீங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். "சர்ச் தானப்பெட்டியில என்ன விழுதோ அதுதான் எனக்கு. மேல யாரோ ஒரு கிழவரோட சட்டை, கீழ யாரோ பணக்கார வீட்டுப் பொண்ணோட ஸ்கர்ட். முதல்ல வெக்கமா இருக்கும். அப்புறம், வேற வழியில்லாம, எதோட எது சேரும்னு ராத்திரியே பரப்பி வச்சுப் பாப்பேன். அது அப்படியே பழகிப்போச்சு."

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

நேரமாகிவிட்டது என்று உள்ளே போய் மணியடித்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

அந்தப் பெயரை வைத்தவள் நான். ஒன்பது வயது. எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அன்று முழுக்கப் பெருமை.

ஏப்ரல் 5, சனி

முதலில் ராகெலிடம் போனேன். சீட்டைக் கல்லாமேல் வைத்தேன். முழுவதையும் சொன்னேன்.

சீட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் கையெழுத்துத்தான்.

"ஒரு மாசமா புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு டாக்டர் டாக்டரா ஓடிக்கிட்டிருக்கேன்டி" என்றாள். "என் மகளைக் கூப்பிட்டு வீட்டை என்ன பண்றதுன்னு பேசிட்டேன். பக்கத்துல உக்காந்து நீ பன்னு தின்ன."

சுவரிலிருந்து என் படத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மைக்கென் வீடு. இங்வே கதவைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டான். நடையிலேயே நின்று சொன்னேன். அவள் கோட்டை வாங்கி வெளிச்சத்தில் விரித்தாள்.

"தோள்ல தையலைப் பிரிச்சிருக்கியா?"

"கொஞ்சம்தான். நானே தச்சுத் தர்றேன், மைக்கென். தெரியவே தெரியாது."

"நீ தொடாத."

போகட்டும், எல்லாவற்றையும் இன்றே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "தானப்பெட்டின்னு பேர் வச்சதும் நான்தான்."

"தெரியும். நான் உனக்குப் பின்பெஞ்சுதானே. காது கேக்காதா எனக்கு?"

தெரிந்துகொண்டேதான் காப்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறாள்.

"அது ஒம்பது வயசுப் பிள்ளை சொன்னது. இது நாப்பத்தேழு வயசுல செஞ்சது" என்றாள். "கோட்டுக்காகக்கூட இல்ல. ராகெலை அப்படி அழவச்சியே. கல்யாணத்துக்கு வராத, வெண்டெலா."

மே 10, சனி

மன்றத்துக்குப் போகவில்லை. போன மாதமும் போகவில்லை. முடியில் ஊசி குத்தி ஐந்து வாரம் ஆகிறது. தலை லேசாக இருக்கிறது, வெறுமையாகவும்.

மே 24, சனி

நல்ல வெயில். பகல் பன்னிரண்டுக்குக் கல்யாணம். பச்சை வெல்வெட்டுக்குக் கீழே அவள் என்ன போட்டிருப்பாள்? ஒன்றரை மணிவரை அதையே நினைத்தேன். ஓட்டப்பந்தய ஷூவாகக்கூட இருக்கும். அதுவும் அழகாகத்தான் இருக்கும், பாவி.

அலமாரியை முழுதாகக் காலி செய்து கட்டிலில் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து ஒரே ஒரு கேள்வி: இது யாருக்குப் பிடித்தது? ஹோக்கனுக்கு. ஹோக்கனுக்கு. மன்றத்துக்கு. ஹோக்கனுக்கு. சாம்பல் நிற ஸ்கர்ட் - எனக்கு. நடக்கும்போது அது காலைத் தட்டுவது எனக்குப் பிடிக்கும். பதினைந்து வயதில் போட்டுத் திரிந்த கனத்த பூட்ஸ் அட்டைப்பெட்டியில் கிடந்தது - எனக்கு. அதற்கும் அடியில் அப்பா கப்பல் கட்டும் தளத்தில் போட்டிருந்த நீலக் கோட்டு. முழங்கையில் வெளுத்து, கைப்பட்டை பிய்ந்து. தளத்தை மூடிய அன்று அதைப் போட்டுக்கொண்டே வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தார், கழற்றவே இல்லை. அவர் போன பிறகு நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு நாளும் போட்டதில்லை. 1943-இல் அது சேராது.

மூன்றையும் போட்டுக்கொண்டு ரொட்டி வாங்கப் போனேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வழி முழுக்க நானும் என் நிழலைப் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜூன் 14, சனி

அதே உடுப்போடு மன்றத்துக்குப் போனேன். ஹோக்கன் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முடியை ஏன் இப்படி விட்டுட்ட?"

"காத்தோட்டமா இருக்கு."

"உடம்பு ஏதும் சரியில்லையா?"

பாவம், நிஜமாகவே கவலைப்பட்டான். ராகெல் எதிர்மூலையில் இருந்தாள். என் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. தனியாகக் காப்பி குடித்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ராகெலிடமிருந்து செய்தி. ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். கீழே இன்னொரு வரி: 'இன்றைக்குப் பட்டாணி சூப்பு.' மன்னித்தேன் என்று எங்கும் இல்லை. போனேன். இரண்டு தட்டு குடித்தேன். சீட்டைப் பற்றி அவளும் பேசவில்லை. சுவரில் என் ஆணி காலியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 13, சனி

மன்றத்தில் மைக்கென். ஐந்து மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேர். சாட்டின் இரவுச்சட்டைக்கு மேல் இங்வேயின் தோள்வார் வைத்த வேலைக் கால்சட்டை. எனக்கு வயிறு எரிந்தது, எரியவில்லை என்று இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பார்வை அப்பாவின் கோட்டில் நின்றது. வெளுத்த முழங்கையில். அங்கேயே நின்றது. எனக்கு அந்தப் பார்வை தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்க என் முகத்தில் அதைத்தான் வைத்திருந்தேன்.

பக்கத்தில் வந்தாள். "நகரு" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது.

"எங்க வாங்குன?"

"வாங்கல. எங்கப்பாவோடது."

"விப்பியா?"

"மாட்டேன்."

"ஒரே ஒரு நாள் போட்டுட்டுத் தர்றேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசிக்க வேண்டியிருந்தது. வீடு வரும்வரை யோசித்தேன். கோட்டு இப்போதும் மடியில்தான் இருக்கிறது.

இடது கைப் பொத்தான் தளர்ந்திருக்கிறது. அவளிடம் கொடுப்பதற்குமுன் தைத்துவிட வேண்டும்.