அப்பாவின் மூச்சைப் படித்த கரிமுனை இழையை மீண்டும் கோரி

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்கின் இளைய மகன்,
ரொட்டிக் கடைக்குப் பின்புறக் கட்டடம், மூன்றாம் மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
ஒளியிழை உணரி ஆய்வகம்.

பொருள்: சோதனை முடிந்ததாகக் கழற்றிச் செல்லப்பட்ட மூச்சு ஈர உணரியை என் தந்தைக்கு மீண்டும் பொருத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை பக்கவாதத்தில் விழுந்து படுக்கையில் இருக்கிறார். காது கேட்கும், பார்வை உண்டு, புத்தி தெளிவு. வாய், கை, கண் இமை எதுவும் அவர் சொன்னபடி நடப்பதில்லை. மூச்சை மட்டும் கொஞ்சம் நீட்டவும் குறைக்கவும் முடியும். அதுவும் நெஞ்சு எழும்பாத மெல்லிய மூச்சு. பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது.

2. தங்கள் ஆய்வகத்து மேடம் அவருடைய மூக்கடியில் தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி இழையைப் பொருத்தினார். அதன் முனையில் கிராஃபீன் ஆக்சைடு என்ற கரிப் படலம். மூச்சின் ஈரத்தைப் படலம் வாங்கியதும் இழைக்குள் ஓடும் ஒளி மாறும், திரையில் கோடு ஏறும். மூச்சு நின்றதும் ஈரத்தை உடனே விட்டுவிடும், கோடு இறங்கும். தூங்கும்போது மூச்சை அளப்பதுதான் தங்கள் நோக்கம். அதை வைத்துக் கேள்வி கேட்கலாம் என்று கண்டுபிடித்தது என் அக்கா. "அப்பா, ஆமான்னா நீளமா விடுங்க, இல்லன்னா குட்டி குட்டியா ரெண்டு" என்றாள். கோடு ஏறி, நீளமாக நின்றது. அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

3. அதன்பிறகு அக்கா எழுத்துகளை வரிசையாகச் சொல்வாள். வேண்டிய எழுத்தில் அப்பா மூச்சை நீட்டுவார். முதலில் சொன்னது: "ஃபேன் கத்துது, எண்ணெய் போடு." அடுத்தது: "அவன முடி வெட்டச் சொல்லு." அவன் என்பது நான். கல்லூரி இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்ட நாளிலிருந்து அவர் என்னோடு நேரில் பேசியதில்லை, அக்கா வழியாகத்தான். படுத்த பிறகும் அந்தக் கொள்கையை விடவில்லை.

4. தங்கள் ஊழியர்கள் கழற்ற வந்த காலையில் அப்பா ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருந்தார். "சின்னவன்கிட்ட சொல்லு, நான்" என்பது வரை வந்திருந்தது. அப்போது அழைப்பு மணி அடித்தது. அக்கா, "இத மட்டும் முடிச்சிரட்டும் சார்" என்று கேட்டாள். அவர்கள் பொறுத்தார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவுக்குப் பதற்றத்தில் மூச்சு தாறுமாறாகிவிட்டது. கோடு குதித்தது, எந்த எழுத்திலும் நிற்கவில்லை. கடைசியில், "கீழ வண்டி நிக்குது தம்பி, நீங்க மேலிடத்துல பேசுங்க" என்று சொல்லிக் கழற்றினார்கள்.

5. கைக்கண்ணாடியை மூக்கடியில் வைத்துப் பார்த்தோம். பனி படிகிறது, ஆனால் அது கலைவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. கடையில் விற்கும் ஈரமானி வாங்கினேன். அது ஏறினால் இறங்குவதே இல்லை. அதற்கு என் அப்பாவும் ஒன்றுதான், கொதிக்கிற கெட்டிலும் ஒன்றுதான்.

6. தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அப்பாவின் இழையை முனையோடு வெட்டி, படலம் எவ்வளவு உரிந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தாகிவிட்டதாம். அது தங்கள் வேலை, குறை சொல்லவில்லை. சோதனையின் அடுத்த சுற்றில் அப்பாவைச் சேர்க்கச் சொன்னேன். முதல் தடவை அம்மா கையெழுத்துப் போட்டார். இப்போது விதி மாறிவிட்டதாம். "நோயாளி தன் சம்மதத்த ஏதாவது ஒரு வகையில அவரே தெரிவிக்கணும்" என்றார் மேசையில் இருந்தவர். அந்த ஒரு வகையைத்தான் நீங்கள் கழற்றிக்கொண்டு போனீர்கள் என்றேன். "நீ சொல்றது புரியுதுப்பா, ஆனா விதியில அப்படி இல்லையே" என்றார். மேசையைத் தட்டிவிட்டேன். அது தவறு, மன்னிக்கவும்.

7. புதிய இழை கேட்கவில்லை ஐயா. தரம் போதாது என்று தள்ளிவைத்த முனை ஏதாவது தங்கள் அலமாரியில் இருக்கும். ஓரம் உரிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு வாக்கியம் முடியும்வரை தாங்கினால் போதும். அந்த வாக்கியம் என்னைத் திட்டுவதாக இருந்தாலும் சரி. வேண்டுமானால் பொருத்தியதும் முதல் கேள்வியாக அவருடைய சம்மதத்தையே கேளுங்கள். 'இல்லை' என்றால் அப்போதே கழற்றிக்கொள்ளுங்கள், கருவியை நானே கீழே வரை தூக்கி வந்து வண்டியில் வைக்கிறேன்.

முடி வெட்டிக்கொண்டு அவர் பார்வைக்கு நேராகப் போய் நின்றேன். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. அக்கா இன்னமும் தினமும் "நான்" என்பதிலிருந்து தொடங்கி எழுத்துகளைச் சொல்கிறாள். ஏதோ ஓர் எழுத்தில் அவர் மூச்சை நீட்டுகிறார் என்றுதான் நம்புகிறோம். எதில் என்று தெரியவில்லை.

தயவு செய்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: அப்பாவின் கட்டிலருகே
நாள்: புதன்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சின்னவன்