இடது கண்ணில் தெரிந்த வெள்ளை

புதன்கிழமை, இரவு

இன்று பயிற்சிக்குப் போகும் கண் கிளினிக்கில், டயகம தோட்டத்திலிருந்து கண்ணாடிக்காக வந்திருந்த சரோஜா அக்காவுக்குக் கண் பார்த்தேன். மடியில் இரண்டு வயது மகள் இருந்தாள். அவளுக்கும் விளையாட்டாக லைட் அடித்தேன். இடது கண்மணிக்குள் வெள்ளையாக மின்னியது. புற்றுநோயாகக்கூட இருக்கலாம் என்று வகுப்பில் காட்டிய படம் நினைவுக்கு வந்தது. மறுபடி பார்ப்பதற்குள் அக்கா, "பஸ் போயிரும் மிஸ்" என்று எழுந்துவிட்டார். இன்னும் படித்துக்கொண்டிருப்பவள்தானே, தப்பாகப் பார்த்திருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

சாயந்தரம் மனசு கேட்காமல் கிளினிக் டாக்டர் சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. முகம்தான் மாறியது. "இப்பவே போன் பண்ணுங்க. காலையிலயே பிள்ளையை நான் பார்க்கணும்" என்றார்.

மூன்றாவது தடவைதான் அக்கா எடுத்தார். "நாளைக்கு வேலைக்குப் போகணுமே மிஸ். பிள்ளை நல்லாத்தானே ஓடியாடி விளையாடுறா?"

"ஒரு நாள் வேலை போனாப் பரவாயில்லக்கா. கட்டாயம் கூட்டிட்டு வாங்க."

அக்கா பக்கத்தில் யாரிடமோ பஸ் நேரம் கேட்டார். பிறகு, "முதல் பஸ்ஸுல வர்றோம். பயப்படுற மாதிரி ஒன்னுமில்லையே?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். தெரியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.