குளிக்கப் போன கரடி

என் உயிரான அத்தானுக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசியில் துணி காய்கிறதில்லை. நம் கோமு இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். நேற்று விளக்கேற்றிக் கும்பிட்டு எழுந்தபோது, நீங்கள் பாதியில் வைத்த கரடிக் கதைப் புத்தகத்தோடு வந்து நின்றாள். உங்களுக்குப் பிறகு அவள் அதைத் தொட்டதே இல்லை.

"மிச்சத்த நாளைக்கு வாசிப்போம்" என்று சொல்லித்தானே மறுநாள் ஆலங்குளம் பஸ் ஏறினீர்கள்? பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வீர்கள் என்று யார் கண்டது?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டும் பஞ்சாங்கமும் பார்த்து நானாக வாசிக்கப் பழகினேன். பால் கணக்கில்கூட ஒன்றைக் கூட்டி எழுத வராது எனக்கு. அதனால் உள்ளதை உள்ளபடி, முதலிலிருந்து விரல் வைத்து வாசித்தேன்.

"எம்மா, நீ விட்டுட்டு விட்டுட்டு வாசிக்கே."

"இல்லட்டி, எல்லாத்தையும்தான் வாசிக்கேன்."

"அப்பொ கரடி ஐந்தருவிக்குக் குளிக்கப் போனது எங்க? எண்ணெ தேச்சுட்டு லைன்ல நின்னுச்சில்லா! போலீஸ் மாமா விசில் ஊதுனாவல்லா!"

தாள் கிழிந்துவிட்டதோ என்று பக்க எண்களைச் சரிபார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அப்போதுதான் புரிந்தது, அத்தான். அடுப்படியில் நின்று கேட்டபோதெல்லாம் அது புத்தகத்தில் இருப்பதாகத்தானே நினைத்திருந்தேன்?

உங்களைப் போல நானும் சேர்த்துச் சொல்லப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கரடி பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டதை வாசித்தேன். கோமு தலையாட்டி மறுத்தாள்.

"அது புஸ்தகத்துக் கரடி. அப்பா கரடி இன்னும் அருவிலதான் நிக்குது. அப்பாதான கூட்டிட்டு வரணும்?"

நீங்கள் வரமாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் என் முகத்தைப் பார்க்கிறாள்.

"நாம போய்க் கூட்டிட்டு வருவோமாட்டி?" என்றேன். "ஈரமா நிக்கும். துண்டு கொண்டு போவோம்."

கொடியில் கிடந்த என் துண்டைப் பார்த்தாள். "கரடிக்கு ஒன் துண்டு எப்படிம்மா பத்தும்? அப்பா வேட்டிய எடுத்துக்கோ."

சிரித்துவிட்டேன், அத்தான். சிரிப்பு முடியவே இல்லை. முடிந்தபோது அவள் என் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வாசனை போய்விடுமென்று அந்த வேட்டியைத் துவைக்காமல் பீரோவில் வைத்திருந்தேன். நம் கோயில் உலகம்மை சாட்சியாகச் சொல்கிறேன்: வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஐந்தருவிக்கு வருகிறோம். நனைந்தால் நனையட்டும்.

உங்கள் மாமன் மகள்,
கோமுவின் அம்மா