பதினான்காம் விதியும் உன் தீனிப் பெட்டியும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான், ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, பன்னிரண்டு வயதில் நீயே பலகை அறுத்து ஆணியடித்த பறவைத் தீனிப் பெட்டி கிடைத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றுதான் அன்று உன்னிடம் சொன்னேன். போடவில்லை, பழைய போர்வையில் சுற்றி மேலே ஒளித்து வைத்திருந்தேன். "பத்தொம்போது வருஷமா வாயே தொறக்கலையே, சரியான கல்லுளிமங்கன் நீங்க" என்று அம்மா திட்டினாள், திட்டிக்கொண்டே துடைத்தும் கொடுத்தாள். பின்னறை ஜன்னலுக்கு வெளியே கம்பத்தில் மாட்டினேன். கண்ணாடிக்குக் கையெட்டும் தூரத்தில் வைத்தால்தான் பறவை வேகமெடுத்து வந்து மோதாது என்று படித்திருந்தேன். அதன் பிறகு என் காலைகளே மாறிப்போயின. வெயில் ஏற ஏறக் குருவிகளின் நிழல் எதிர்ச்சுவரில் விழும், அலமாரி மேலும் உன் பழைய மேசை மேலும் என் சட்டை மேலும் ஓடும். நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன், தூக்கமா விழிப்பா என்று தெரியாது. அந்தக் கீச்சுச் சத்தத்துக்கு நடுவே நீ பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு தேடுகிற சத்தம் கேட்கும், இங்கே இருக்கு கண்ணு என்று சொல்ல வாயெடுப்பேன், காபி ஆறிப்போயிருக்கும்.

அப்படி இருக்கும்போது வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பதினான்காம் விதிப்படி வீட்டின் பின்புறத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்கக் கூடாது, ஏழு நாளில் அகற்றவும் என்று. நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் கண் சும்மா இருக்குமா, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பிழை இல்லை. யார் இவ்வளவு சுத்தமாக எழுதியது என்று மெச்சிக்கொண்டே பாதி வரை வந்த பிறகுதான் உறைத்தது, எழுதியவன் நானே. இப்போதைய செயலாளர் நம் தெருமுனைப் பல் டாக்டர். கேட்டேன். "ஐயா, உங்க காலத்து நோட்டீஸ்ல தேதிய மட்டுந்தான் மாத்துனேன், அதுல கை வைக்க எனக்கு ஏது தைரியம்" என்றார். அன்றே பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பின்வீட்டுத் தையல்காரம்மா காயப்போட்ட துணியில் விதைத் தோலும் எச்சமும் விழுகிறது, எலி வேறு வருகிறது என்று சண்டைக்கு வந்தார். அப்போது செயலாளர் நான்தான், செயலாளர் மகளுக்கு ஒரு நியாயமா என்று ஊர் கேட்குமே என்ற பயத்தில் ஒரே ராத்திரியில் விதி எழுதினேன், முதல் நோட்டீஸை உன் பெயருக்கே எழுதி உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். நீ வந்து, "அடியில ஒரு தட்டு வெச்சா சிந்தாதேப்பா" என்றாய். விதின்னா விதி என்று சொல்லிவிட்டேன். நீ அழவில்லை, அதற்குப் பிறகு எதையும் என்னிடம் கேட்டதும் இல்லை, வெளிநாட்டு வேலையைக்கூட முடிவு செய்துவிட்டுத்தான் சொன்னாய்.

போன ஞாயிறு சங்கக் கூட்டத்தில் எழுந்து, என் விதிக்கு எதிராக நானே பேசினேன். அடியில் அகலத் தட்டு, ஒரு நாளில் தின்று தீர்கிற அளவு விதை, ரொட்டித்துண்டு கூடாது, பொழுது சாய்ந்தால் பெட்டியை உள்ளே எடுத்துவிட வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவைத்தால் பறவைக்கும் நோய் வராது, எலி தென்பட்டால் ஒரு மாதம் நிறுத்திவிடலாம் என்றேன். தையல்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தட்டு வெக்கலாம்னு அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா நான் ஏன் சண்டைக்கு வரப்போறேன்" என்றார். என் மகள் அன்றைக்கே சொன்னாள், நான்தான் உங்களிடம் வந்து சொல்லவில்லை என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். விதியை மாற்றிவிட்டார்கள். பெட்டிக்குச் சொந்தக்காரர் கையெழுத்திட்டு அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டிக்குச் சொந்தக்காரி நீ. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், உன் பெயரை நானே எழுதிவிட்டேன், கையெழுத்து இடம் காலியாக இருக்கிறது. அன்று நான் செய்தது தப்பு, மன்னித்துவிடு. கையெழுத்துப் போட மனமில்லை என்றால் அதுவும் நியாயந்தான், பெட்டி மேசைமேலேயே இருக்கட்டும். குருவிகள் தினமும் வந்து வெறும் கொக்கியைப் பார்த்துவிட்டுப் போகின்றன.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீண்ட காலம் வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. படிவம் மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே. அன்று உன் கதவுக்கு அடியில் தள்ளிய காகிதத்தில் "செயலாளர்" என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். இதில்,

உன் அப்பா