மீசைக்கு அடியில் இருந்த கோடு

தோணிரேவு
9.3.80

அன்பு மகன் ஆதிகேசவனுக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், பிலாயில் நீயும் ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் ருக்குவும் அப்படியே இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஏரியில் இறால் பரவாயில்லை. போன மாதம் கிரகணத்தன்று ருக்கு மீன் அரிந்துவிட்டாள், அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாய், நானும் நல்ல காரியம் செய்தாய் என்று பதில் போட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

செவ்வாய்க்கிழமை மேல்பல் வலி பொறுக்காமல் பட்டணத்துக்குப் போனேன். பல் டாக்டரம்மா மீசையைத் தூக்கிப் பார்த்து, உதட்டில் இந்தக் கோடு ஏது என்றார்கள். பிறந்ததிலிருந்து இருக்கிறது என்றேன். பேச்சுவாக்கில், உன் அம்மா கிரகணத்தில் மடவை மீன் அரிந்ததால் நீ உதடும் அண்ணமும் பிளந்து பிறந்ததையும் சொன்னேன். அந்த அம்மா ஒரு இங்கிலீஷ் மருத்துவப் பத்திரிகையை எடுத்தார்கள், இப்படிப் பிறந்த பிள்ளைகளைப் பற்றி மட்டுமே அதில் எழுதுவார்களாம். ஒரு படத்தில் யாரோ வெள்ளைக்காரன், அவன் மூக்குக்குக் கீழே என் கோடு. பக்கத்தில் அவன் பிள்ளை, தையல் போடுவதற்கு முன் நீ இருந்த அதே உதடு. கிரகணம் ஒன்றும் செய்யாதாம், காரணம் பல உண்டாம், ஆனாலும் பெரியவரே, இது உங்கள் வழியாகவே வந்திருக்கலாம் என்றார்கள்.

இருபத்துநாலு வருஷம் ஆதி! அவள் அரிவாள்மனையில் உட்காரும்போதெல்லாம் குத்திக்காட்டினேனே. என் வாயால்தானே ஊரில் ஒருத்தியும் அவளை வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை. பாவி நான். பஸ்ஸில் துண்டால் வாயை மூடிக்கொண்டே வந்தேன், பார்த்தவர்கள் பல்வலி என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் மீசையை மழித்துக்கொண்டு அவள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் என் உதட்டையே பார்த்தாள். இத்த அப்பவே செரச்சிருந்தா இன்னாய்யான்னு கேட்டாள். அப்புறம் திரும்பி உட்கார்ந்து மீனை அரிந்தாள், எனக்குச் சோறும் போட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை.

இன்றே ருக்குவிடம் பேசு. அங்குள்ள டாக்டரிடம் என் உதட்டையும் உன் உதட்டையும் மறைக்காமல் சொல். குழந்தை எப்படிப் பிறந்தாலும் அவள்மேல் ஒரு சொல் விழக்கூடாது. நீங்கள் மூவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் நைனா
தாமோதரன்

மறக்காமல் எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்: ஏழாம் மாசம் நான் வரேன், ருக்குவுக்கு மொத வளையல் நான்தான் போடுவேன்னு எழுது, என்கிறாள்.