ஃபெர்மினின் வலது கண்

ஒருரோ, ஆகஸ்ட் மாதம்

அன்பு மகள் யோவானாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அங்கே வலென்சியாவில் நீயும் குழந்தை ஆய்லினும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க சொகாவோன் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி ஃபெர்மினைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறான் என்றே சொல்லி வந்தேன், அவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான். இனி என்னால் மறைக்க முடியவில்லை. கருவிழி கூம்பிக்கொண்டே போகிற அவன் நோய் உனக்குத் தெரியும், போன வருஷம் வலது கண்ணின் கருவிழிக்குள் நீர் கோத்து ஒரே காலையில் பால் ஊற்றினதுபோல் வெளுத்து, பிறகு அங்கே தழும்பு விழுந்ததும் தெரியும். அந்தத் தழும்புக்காக, இறந்துபோன யாரோ ஒருவருடைய கருவிழியை எடுத்து கோச்சபம்பா ஆஸ்பத்திரியில் வைத்துத் தைத்தார்களே, அதன்பிறகு அவன் எதிர்த் தெருக் கடைப் பலகையை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினான், நான் அடுப்படியில் நின்று அழுதேன். ஜூனில் அந்தக் கண் சிவந்தது, வெளிச்சம் பட்டால் கூசியது. டாக்டரிடம் போகலாம் என்றால், "காத்துல பறக்குற புழுதிம்மா, சும்மா நச்சரிக்காத" என்றான். லீவு போட்டால் அவன் ஓட்டுகிற மினிபஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு வாரத்தைக் கடத்திவிட்டான். பிறகு போனபோது டாக்டர், "செவந்த அன்னிக்கே ஓடி வரச் சொன்னேன்லப்பா, ஒன் ஒடம்பு அந்தக் கருவிழிய ஏத்துக்கல" என்றார். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டும் தெளியவில்லை, அந்த மருந்திலேயே கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பும் கெட்டுப்போயிற்று. இன்னொரு கருவிழி வைத்தாலும் அந்தக் கண்ணுக்குப் பார்வை வராதாம்.

இடது கண்ணும் இப்போது ரொம்பக் கூம்பிவிட்டதால், பார்வைக்காகக் கண்ணுக்குள் போடுகிற லென்ஸ் அதில் நிற்பதே இல்லை. ஒருநாள் சந்தையில் அது கழன்று விழுந்தபோது, நான் மண்டியிட்டு உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே தடவித் தேடினேன், அவன் நின்றபடி, "என் கண்ணுக்கே என்னைப் புடிக்கலம்மா, வுட்டுத் தள்ளு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கண்ணுக்கும் பதிந்து வைத்திருக்கிறோம், கருவிழி கிடைப்பதாக இல்லை, கிடைத்தாலும் இதே கதி ஆகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மினிபஸ்ஸும் கைவிட்டுப் போயிற்று, பகலெல்லாம் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான்.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, வந்தும் செய்ய ஒன்றுமில்லை. இந்த நோய் குடும்பத்தில் தொடரலாமாம், கசக்கினால் முற்றுமாம்; ஆய்லின் கண்ணைக் கசக்கினால் கையை விலக்கிவிடு, ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டு.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. போன ஞாயிறு நீ முடி வெட்டியதை வீடியோ போனில் காட்டினாய், அவனும் "நல்லாருக்குக்கா" என்றான். அவனுக்கு உன் முகமே தெரியவில்லை. இனிமேல் எதையும் காட்டி அவனிடம் கேட்காதே, வெறுமனே பேசு.

உன் அம்மா,
இலாரியா