தரணியின் கட்டில்

ஜூன் 4, 2024
கிளினிக்கில் இன்றும் பிரஷர் கூடுதல். பிள்ளை பிறக்க மூன்று வாரம் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் வந்து படுக்க வேண்டும் என்றார் டொக்டர். ஆகஸ்ட் முதல் வாரம். மகன் தரணியின் சாப்பாடு, குளிப்பு எல்லாம் என் வீட்டுக்காரர் லீவு போட்டுப் பார்த்துக்கொள்வார். தூக்கம்? நாலரை வயதாகியும் நான் பக்கத்தில் இல்லாமல் அவன் ஒரு இரவும் தூங்கியதில்லை.

ஜூன் 9
இவர் கினிகத்தேனை டவுனில் சின்னக் கட்டில் ஒன்று வாங்கி வந்தார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் எங்களுக்கு ஒரே காம்பரா; எங்கள் கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் இரண்டடி. தரணி அதில் ஏறிக் குதித்தான். படுக்கச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஜூன் 10
மூன்று தடவை எழுந்து வந்தான். நாலாவது தடவை நானே போய்த் தூக்கி வந்துவிட்டேன்.

ஜூன் 13
தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தினமும் மத்தியானம் பதினாலு பிள்ளைகளைத் தூங்க வைக்கிறேன். தாய்மார் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள், இதுகள் நிம்மதியாகத் தூங்குகின்றன. அங்கே முடிகிறது. சொந்தப் பிள்ளையிடம் ஏன் முடியவில்லை?

ஜூன் 18
கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவ மாது தனுஜா மிஸ் வீட்டுக்கு வந்தார். தினமும் ஒரே நேரத்தில் படுக்க வைக்க வேண்டும், முகம் கழுவி ஒரு கதை சொல்லி லைட்டை அணைக்க வேண்டும், கூப்பிட்டால் பக்கத்தில் போகலாம், ஆனால் தூக்கக் கூடாது என்றார். பிறகு கேட்டார்: "ராத்திரியில யாரு முதல்ல எழும்புறது? அவனா, நீங்களா?"
நான் எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனேன். அன்று ஷாமிலாவைப் பார்க்க வந்ததும் இதே மிஸ்தான்.

ஜூன் 19
எழுதிவிடுகிறேன். ஷாமிலா எங்கள் முதல் பிள்ளை. ஆறு வருஷத்துக்கு முன், எட்டு மாதக் குழந்தையாக, எனக்குப் பக்கத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாள். இருதயத்தில் கோளாறு என்றார்கள். அப்போது நானும் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவ்வளவு அசதி. விடிஞ்சு தொட்டா குளிர்ந்து கிடக்குறா. யாரும் என்னைக் குத்தம் சொல்லல. ஆனா நான் முழிச்சிருந்தா — ஒருவேளை முழிச்சிருந்தா?
தரணி பிறந்ததிலிருந்து இரவில் நாலைந்து தடவை அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். சின்னக் கட்டிலுக்கு மாற்றிய பிறகும்.

ஜூலை 2
எட்டரைக்கு அவன் கட்டிலிலேயே தூங்கினான். ஒரு மணி நேரம் கழித்துப் போய் விரல் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "நான் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ போய்த் தூங்கும்மா."
எத்தனை நாளாக இவனுக்குத் தெரியும்?
குசினியில் அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன். இவர் எழுந்து வந்தார். ஆறு வருஷமாக ஷாமிலாவின் பெயரையே எடுக்காத மனிதர். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "அன்னைக்கு நானும் பக்கத்துலதான் படுத்திருந்தேன் தர்ஷிகா. நானும்தான் தூங்கிட்டேன்."
இவரும் இத்தனை காலம் இதைச் சுமந்துகொண்டா இருந்தார்? நான் கேட்டதே இல்லை.

ஜூலை 3
"இன்னைக்கு நான் பாத்துக்கிறேன், நீ எழும்பாத" என்றார். தரணி இரண்டு தடவை புரண்டான். கைகளைக் கோத்துக்கொண்டு படுத்திருந்தேன். போகவில்லை.

ஜூலை 22
பத்து நாளாக அவன் எழுந்து வரவில்லை. நான்தான் இரண்டு தடவை போய் விரல் வைத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6
வார்ட்டில் ஒரு இரவு கழிந்தது. காலையில் இவர் வீட்டிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். "ஒரு தடவ உன்னைக் கேட்டான். தண்ணி குடுத்தேன், படுத்துட்டான்." ஒரே ஒரு தடவைதான் கேட்டானாம். சந்தோஷமா, வேதனையா, எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 14
பாப்பாவுக்கு இன்றோடு பதினெட்டு நாள். இருதயத்தைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளையும் தனித் தொட்டிலில்தான் போடுகிறோம். நேற்று இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்துக் கிடத்தினேன். அடுத்து நான் கண் விழித்தபோது விடிந்திருந்தது. அவர்கள் மூவரும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினேன்.